பின்கள வீரரை முன்னே நிறுத்திய ரகீம்

ஜகார்த்தா நகரம். 1962-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி. ஆசிய விளையாட்டு விழாவில் கால்பந்து இறுதி ஆட்டம். இந்தியாவும் தென்கொரியாவும் மோதின.

மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கூடியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியா தோற்கவேண்டும் என்று கூச்சல் போட்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே, இந்திய அணியின் முன்வரிசையில் ஒரு சர்தார்ஜி நின்றுகொண்டிருந்தார். அவர் தலையில் தையல் போட்ட காயம் இன்னும் ஆறவில்லை.

அவர் பெயர் ஜர்னைல் சிங். எதிரி கோல் போடாமல் தடுப்பதுதான் அவர் வேலை. பின்களத்தில் அவரைத் தாண்டிப் போவது சுலபம் அல்ல. அப்படிப்பட்டவர் கோல் போடும் இடத்தில் நின்றார். அவரை அங்கே நிறுத்தியவர் மைதானத்துக்கு வெளியே இருந்தார். ஐதராபாத்தைச் சேர்ந்த பள்ளிக்கூட ஆசிரியர் அவர். உடம்பில் புற்றுநோய். பெயர் சையத் அப்துல் ரகீம்.

ரகீம் சாகிப் என்றுதான் எல்லோரும் அவரை அழைத்தார்கள்.

வாத்தியார் வேலை

ரகீம் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி ஐதராபாத்தில் பிறந்தார். அப்போது அது நிஜாம் ஆட்சியில் இருந்த ஊர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். படிக்கும்போதே நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கினார். படிப்பு முடிந்ததும் ஆசிரியர் ஆனார். காச்சிகுடாவிலும் நகரத்தின் வேறு பள்ளிகளிலும் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு உடற்பயிற்சிக் கல்வியில் டிப்ளமா பெற்றார். மாலையில் பள்ளி மணி அடித்ததும் பிள்ளைகளோடு மைதானத்துக்குப் போய்விடுவார்.

அந்த நாளில் நம் நாட்டில் கால்பந்து என்றால் தனி ஆளின் சாமர்த்தியம்தான். பந்து காலுக்கு வந்தால் இரண்டு பேரை ஏமாற்றி, மூன்றாவது ஆளையும் சுற்றிவந்து காட்டவேண்டும். கைதட்டல் கிடைக்கும். கோல் கிடைக்குமா என்பது வேறு விஷயம். ரகீமுக்கு இது பிடிக்கவில்லை. பந்து வந்த மாத்திரத்தில் அதை அடுத்தவருக்குத் தட்டிவிட வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டக்கூடாது என்ற விதியுடன் தனிப் போட்டிகளே நடத்தினார். வலது கால்காரர் இடது காலால் மட்டும் உதைக்கவேண்டும் என்றும் போட்டி வைத்தார். பார்க்க வந்தவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

1950-ம் ஆண்டில் ஐதராபாத் நகரப் போலீஸ் அணிக்கு அவர் பயிற்சியாளர் ஆனார். அந்த ஆட்டக்காரர்கள் போலீஸ் உத்தியோகத்தில் இருந்துகொண்டே ஆடியவர்கள். 1950 முதல் 1954 வரை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து 5 ஆண்டுகள் அந்த அணியே தட்டிச் சென்றது. கால்பந்து கல்கத்தாவின் சொத்து என்று எண்ணியவர்கள் ஐதராபாத் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

வெறுங்காலும் பூட்சும்

கிரிக்கெட்டில் ஒரு ஓவர் மோசமாகப் போனால் அடுத்த ஓவரில் சரிசெய்துகொள்ளலாம். கபடியில் இழந்த புள்ளியை அடுத்த மூச்சில் பிடித்துவிடலாம். கால்பந்தில் 90 நிமிடம் ஓடினாலும் விழுவது ஒன்றோ இரண்டோ கோல்தான். ஆகவே ஒரு நொடியில் ஆட்டம் தலைகீழாகிவிடும்.

1948-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு நேர்ந்தது இதுதான். ரகீம் பொறுப்பேற்பதற்கு முந்தைய கதை அது. பிரான்சுடன் ஆட்டம். இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. இரண்டையும் கோட்டைவிட்டார்கள். பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டு சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. ஆனால் ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு, 2-1 என்று வென்றுவிட்டது.

1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ரகீம் இந்திய அணிக்குப் பயிற்சி கொடுத்தார். இறுதி ஆட்டத்தில் மேவாலால் போட்ட ஒரே கோலில் ஈரானை வென்று இந்தியா தங்கம் வாங்கியது. வந்த வேகத்தில் வெற்றி. ஊரெல்லாம் புகழ்ந்தது.

அடுத்த ஆண்டே அடி விழுந்தது. 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10 கோல் போட்டது. இந்தியா போட்டது ஒன்று. நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். உள்ளூரில் காய்ந்த தரையில் அது சரிப்பட்டது. ஈரப்புல்லில் கால் வழுக்கியது. உள்நாட்டில் அந்நாளில் ஆட்டம் 70 நிமிடம்தான். அங்கே 90 நிமிடம். மூச்சும் போதவில்லை. அதன்பிறகு இந்திய அணிக்கு பூட்ஸ் கட்டாயம் ஆனது.

பூட்ஸ் கட்டாயம் என்று உத்தரவு போடுவது எளிது. வாங்கப் பணம் வேண்டாமா? செகந்திராபாத் அருகே அம்முகூடாவில் ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டுப் பையன் பலராம் பந்தாட்டத்தில் கெட்டிக்காரன். புது பூட்சுக்கு வீட்டில் வசதி இல்லை. செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கெஞ்சி, போலீசார் கழித்துவிட்ட பழைய பூட்சில் தனக்கு ஒரு ஜோடி செய்துகொண்டான். அவன் ஆட்டத்தை ரகீம் பார்த்தார். பயிற்சிக்கு வரச் சொன்னார். தினமும் ஐதராபாத் வந்து போகக் கையில் காசு இல்லை என்றான் பையன். சைக்கிளுக்கு ரகீமே ஏற்பாடு செய்தார்.

சொந்த ஊரைவிட்டு வந்த இடத்தில், மேலே இருப்பவர் ஒருவர் கைகொடுத்தால் என்ன ஆகும் என்பது பிழைக்க வந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் 1956, 1960 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்கு ஆடிய துளசிதாஸ் பலராம்.

ஐதராபாத்தில் பிறந்த இன்னொரு தமிழர் பீட்டர் தங்கராஜ். ராணுவத்தில் சேர்ந்து வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணிக்கு ஆடினார். முதலில் கோல் போடும் இடத்தில் ஆடியவர், பின்னர் கோல் கீப்பர் ஆனார். ஆறடிக்கு மேல் உயரம்.

மெல்போர்னில் இரண்டு நிமிடம்

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி ஆந்திரப் பிரதேசம் பிறந்தது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் அன்றுதான் ஐதராபாத் தலைநகரம் ஆயிற்று. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 1-ந் தேதி, அந்தத் தலைநகரத்து வாத்தியாரின் அணி மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று தோற்கடித்தது. நெவில் டிசோசா 3 கோல். கிட்டு என்ற கிருஷ்ணசாமி 1 கோல். ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா.

அரையிறுதியில் எதிரே வந்தது யார்? அதே யூகோஸ்லாவியா! நான்கு ஆண்டுக்கு முன் 10 கோல் போட்ட நாடு.

இந்த முறை முதல் பாதியில் யாருக்கும் கோல் இல்லை. 52-வது நிமிடத்தில் நெவில் டிசோசா கோல் போட்டார். இந்தியா முன்னணி! நம்மவர்களுக்கே அதை நம்ப முடிந்திருக்காது. இரண்டே நிமிடம். 54-ல் யூகோஸ்லாவியா சமன் செய்தது. 57-ல் இன்னொன்று. முடிவில் 4-1. மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் தோற்று, இந்தியா நான்காவது இடம் பெற்றது.

ஒலிம்பிக்கில் நான்காவது இடம் சாதாரணம் அல்ல. இன்றுவரை இந்தியக் கால்பந்துக்கு அதைவிடப் பெரிய இடம் அங்கே கிடைத்ததில்லை. ஆனாலும் அந்த ஆட்டத்தைத் திருப்பியது இந்தியா போட்ட கோல் அல்ல. அதற்குப் பின் வந்த இரண்டு நிமிடம். கோல் போட்ட மகிழ்ச்சியில் கட்டுக்குலைவது எல்லா அணிக்கும் உள்ள வியாதி. ஞாயிற்றுக்கிழமை தெருமுனை மைதானத்தில் ஆடுகிற பையன்களிடமும் இதைப் பார்க்கலாம்.

1960 ரோம் ஒலிம்பிக்கிலும் இதே கதை. பிரான்சுக்கு எதிராக 71-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல் போட்டார். 82-ல் பிரான்ஸ் சமன் செய்துவிட்டது. அங்கேரியிடம் 2-1 என்று போராடித் தோற்றது. பெருவிடமும் தோல்வி. மூன்று ஆட்டத்தில் ஒரு டிரா மட்டுமே மிச்சம்.

நோயும் ஜகார்த்தாவும்

ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு அணியைக் கூட்டிக்கொண்டு போனபோது ரகீமுக்கு வயது 53. உடல் இளைத்துவிட்டது. நோய் புற்று.

போன இடத்தில் ஆரம்பமே சரியில்லை. முதல் ஆட்டத்தில் தென்கொரியா 2-0 என்று இந்தியாவைத் தோற்கடித்தது. 1956, 1960 ஆகிய இரண்டு முறையும் ஆசியக் கோப்பையை வென்ற பலமான அணி அது. அடுத்து தாய்லாந்தை இந்தியா 4-1 என்று வென்றது. ஆனால் அந்த ஆட்டத்தில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலமான அடி. தையல் போடவேண்டியதாயிற்று. பின்களத்தின் தூண் சாய்ந்தது. அவர் இல்லாமலே ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள்.

அரசியலும் குறுக்கே வந்தது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்திருந்தது. இது முறை அல்ல என்று ஆசிய விளையாட்டுச் சம்மேளனத்தில் இருந்த இந்தியர் ஜி.டி. சோந்தி ஆட்சேபித்தார். உள்ளூர் மக்களின் கோபம் இந்தியா மேல் திரும்பியது. செப்டம்பர் 3-ந் தேதி, அதாவது இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள், அங்குள்ள இந்தியத் தூதரகத்தை ஒரு கூட்டம் தாக்கியது.

இந்த நிலையில் தெற்கு வியட்நாமுடன் நடந்த அரையிறுதியிலேயே ரகீம் தன் முடிவை எடுத்திருந்தார். அடிபட்ட ஜர்னைல் சிங்கை உட்கார வைக்கவில்லை. பின்களத்திலும் நிறுத்தவில்லை. முன்வரிசையின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினார்.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று யாரும் நினைக்கலாம். யோசித்தால் கணக்கு புரியும். தடுப்பு ஆட்டக்காரர் எதிரி அடிக்கும் ஒவ்வொரு உயரப் பந்துக்கும் தலை கொடுத்தே ஆகவேண்டும். காயம்பட்ட தலையோடு அது ஆபத்து. முன்னே நின்றால் எந்தப் பந்துக்குப் போவது, எதை விடுவது என்பதை அவரே பார்த்துக்கொள்ளலாம். அந்த உடம்பையும் பலத்தையும் முன்னே பார்த்தால் எதிரியின் தடுப்பு ஆட்டக்காரர்கள் இரண்டு பேராவது அவரைக் கவனிக்க வருவார்கள். அதனால் கேப்டன் சுனி கோஸ்வாமிக்கும் பலராமுக்கும் பானர்ஜிக்கும் இடம் கிடைக்கும். அரையிறுதியில் ஜர்னைல் சிங்கே ஒரு கோல் போட்டார். கோஸ்வாமி 2 கோல். 3-2 என்று இந்தியா தப்பியது.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு ரகீம் வீரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். தனக்குப் பரிசாகத் தங்கம் வேண்டும் என்று. அவர் நிலை அவர்களுக்குத் தெரியும்.

17, 20

கோல் காக்க உயரமான தங்கராஜை ரகீம் மீண்டும் நிறுத்தினார். அரையிறுதியில் காத்தவர் பர்மன். வென்ற அணியில் கை வைக்க எந்தப் பயிற்சியாளருக்கும் தயக்கம் இருக்கும். ரகீம் தயங்கவில்லை.

தேசிய கீதத்தின்போதும் கூச்சல் ஓயவில்லை. இந்தியாவுக்குக் கைதட்டியவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் உண்டு என்று அன்று ஆடியவர்கள் பிற்பாடு நினைவுகூர்ந்தார்கள்.

17-வது நிமிடம். பி.கே. பானர்ஜி கோல்!

இந்த இடத்தில்தான் மெல்போர்ன் கைநழுவியது. கோல் போட்டுவிட்டுப் பின்னே போய்ப் பதுங்குவதா, திரும்பவும் தாக்குவதா? இந்தியா தாக்கியது. மூன்றே நிமிடம். 20-வது நிமிடத்தில் ஜர்னைல் சிங் கோல் போட்டார். 2-0. மைதானத்தின் கூச்சல் அடங்கியது.

அதன்பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொரியர்கள் முட்டி மோதினார்கள். தங்கராஜும் அருண் கோஷும் மற்றவர்களும் தடுத்தார்கள். 85-வது நிமிடத்தில்தான் கொரியாவுக்கு ஒரு கோல் விழுந்தது. ஜர்னைல் சிங்கின் கோல் இல்லை என்றால் அப்போது 1-1. களைத்துப்போன இந்தியா, சமன் செய்த உற்சாகத்தில் இருக்கும் கொரியாவை எதிர்கொண்டு மிச்ச ஆட்டத்தை ஆடியிருக்கவேண்டும். அந்த 20-வது நிமிடம் அதைத் தவிர்த்தது. 2-1. தங்கம் இந்தியாவுக்கு.

ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா வாங்கிய இரண்டாவது தங்கம் அது. இரண்டும் ரகீம் பயிற்சியில் வந்தவை. மூன்றாவது தங்கம் இதுவரை வரவில்லை.

ரகீம் ஐதராபாத் திரும்பினார். ஒன்பது மாதம்தான். 1963-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி காலமானார். அவருடைய மகன் சையத் ஷாகித் ஹக்கீம் ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர். பிறகு சர்வதேச நடுவராகப் பெயர் எடுத்து, 2021-ல் மறைந்தார். தங்கராஜ் 2008-லும் பலராம் 2023-லும் காலமானார்கள். ரகீமின் கதை 2024-ல் இந்திப் படமாக வந்தது.

ஜர்னைல் சிங், காயம் ஆறியதும் பழையபடி பின்களத்துக்கே போய்விட்டார்.