நெஜ்மெத்தின் ஓக்யாய்

நெஜ்மெத்தின் ஓக்யாய் (1883 – சனவரி 5, 1976) துருக்கியைச் சேர்ந்த வனப்பெழுத்துக் கலைஞரும், நீரின் மேல் வண்ணம் மிதக்கவிட்டுத் தாளில் பதிக்கும் எப்ரு கலையின் ஆசானும் ஆவார். நூற்கட்டு, மை தயாரித்தல், வில்வித்தை, ரோசா வளர்ப்பு ஆகியவற்றிலும் தேர்ந்தவர். இதனால் ஆயிரங்கலை வல்லவர் எனப் பொருள்படும் ஹெசார்பென் என்ற பட்டத்தால் அழைக்கப்பட்டார்.

வாழ்க்கை

இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரையிலுள்ள உஸ்குதாரில் பிறந்தார். இளவயதிலேயே குர்ஆனை மனனம் செய்தார். தாலிக் எழுத்து முறையைப் புகழ்பெற்ற சாமி எபெந்தியிடம் பயின்றார். தந்தையைப் போலவே உஸ்குதாரின் யெனி வாலிதே பள்ளிவாசலில் நீண்டகாலம் இமாமாகப் பணிபுரிந்தார். 1934 இல் துருக்கியர் அனைவரும் குடும்பப்பெயர் கொள்ளவேண்டும் எனச் சட்டம் வந்தபோது இவர் தேர்ந்த பெயர் ஓக்யாய். அம்பும் வில்லும் என்பது இதன் பொருள்.

எப்ரு

உஸ்குதாரிலுள்ள உஸ்பெக்கியர் மடத்தின் தலைவரான எத்ஹெம் எபெந்தியிடம் (இறப்பு 1904) எப்ருவைக் கற்றார். இக்கலைக்குப் பெரிய பட்டறை தேவையில்லை, வீட்டிலேயே செய்யலாம். ஆழமில்லாத தட்டில் நீரை ஊற்றி, கெவன் என்னும் முட்செடியின் பிசினைக் கரைத்துக் கெட்டியாக்குவர். மண்ணிலிருந்தும் கனிமங்களிலிருந்தும் எடுத்த வண்ணப்பொடியை நன்கு அரைத்து, மாட்டுப் பித்தநீர் சில துளி கலப்பர். பித்தநீரே வண்ணம் அமிழாமல் மேற்பரப்பில் பரவக் காரணம். அதன் அளவில்தான் பழகாதவர் பெரும்பாலும் தவறுவர். ரோசாக் கொம்பில் குதிரை மயிர் கட்டிய தூரிகையால் வண்ணத்தைத் தெளித்து, ஊசியாலோ சீப்பாலோ இழுத்து, மேலே தாளைப் படியவிட்டு எடுத்தால் பளிங்குக்கல் போன்ற கோலம் தாளில் ஏறிவிடும். நீரில் மிதந்த கோலம் ஒரு தாளுக்கு மட்டுமே உதவும். அடுத்த தாளுக்கு மீண்டும் முதலிலிருந்து தெளிக்கவேண்டும்.

ஓக்யாய்க்கு முன்னர் இவ்வகைத் தாள்களில் அலைகளும் வளையங்களுமே மிகுதி. அயா சோபியாவின் சமயப் பேச்சாளராயிருந்த ஹதீப் மெஹ்மெத் எபெந்தி (இறப்பு 1773) துளிக்குள் துளியிட்டு ஊசியால் இழுத்து மலர்போன்ற வடிவங்களை உருவாக்கியிருந்தார். எனினும் அவற்றை இன்ன மலர் என்று கூற இயலாது. ஓக்யாய் முதலில் பச்சைத் துளியை இழுத்துத் தண்டும் இலையும் ஆக்கி, அதன் நுனியில் மற்றொரு வண்ணத் துளியை வைத்து இதழ்களாகப் பிரித்தார். துலிப், கார்னேசன், பதுமராகம், பொப்பி, ரோசா மொட்டு ஆகியன இவ்வாறு பார்த்தவுடன் அறியத்தக்க உருப்பெற்றன. தோட்டத்தில் நாள்தோறும் மலர்களோடு பழகிய ஒருவரிடமிருந்து இம்முறை வந்தது வியப்பன்று. மலர் எப்ருவை நெஜ்மெத்தின் எப்ரு என்றும் வழங்குவர்.

எழுத்து எப்ருவும் இவரது ஆக்கமே. அரபிப் பிசினால் தாளில் எழுதி உலர்த்தியபின் வண்ணத்தின் மேல் படியவிட்டால், பிசின் உள்ள இடங்கள் வண்ணத்தை ஏற்பதில்லை. எழுத்துகள் தாளின் நிறத்திலேயே நிற்கும்.

ஆசிரியப் பணி

உதுமானியர் ஆட்சியின் இறுதியில் நிறுவப்பட்ட வனப்பெழுத்துப் பள்ளியில் எப்ரு கற்பித்தார். 1928 இல் துருக்கி இலத்தீன் எழுத்துக்கு மாறியது. எப்ருத் தாள் பெரிதும் பயன்பட்டது வனப்பெழுத்துப் பலகைகளின் ஓரங்களுக்கும் கையெழுத்து நூல்களின் கட்டுக்குமே. பழைய எழுத்து வழக்கொழிந்தபோது தாளைக் கேட்பாரும் குறைந்தனர். இக்கலையில் தேர்ந்த மகன் சாமி 1933 இல் இளவயதிலேயே இறந்தார். இன்னொரு மகன் சாசித் தந்தையின் தொழிலைத் தொடர்ந்தார். பின்னர் நுண்கலைக் கழகத்தில் 1948 வரை ஓக்யாய் கற்பித்தார்.

இவருடைய மாணவருள் உறவினரான முஸ்தபா தூஸ்குன்மான் (1920–1990) குறிப்பிடத்தக்கவர். உஸ்குதாரில் நாட்டு மருந்துக் கடை நடத்திக்கொண்டே எப்ரு செய்த அவர், ஆசானின் மலர்களோடு டெய்சி மலரையும் சேர்த்தார். பிற்காலத் துருக்கிய எப்ருக் கலைஞர் பலருடைய ஆசிரியமரபு தூஸ்குன்மான் வழியாகவே ஓக்யாயைச் சென்றடைகிறது. 2014 இல் யுனெஸ்கோ எப்ருவை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஓக்யாய் உஸ்குதாரின் கராஜா அஹ்மெத் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.