தூத்துக்குடி டூ கோலாலம்பூர்... யார் இந்த தனிநாயகம் அடிகள்?

கோவில்பட்டி கரிசல் காட்டைத் தாண்டி கடலோரம் போனால் தூத்துக்குடி. 1952-ல் இங்கிருந்துதான் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழ் கிளம்பியது. தொடங்கியவர், 1913-ல் யாழ்ப்பாணம் ஊர்காவற்றுறைப் பக்கம் பிறந்த பாதிரியார் சேவியர் தனிநாயகம் அடிகள்.

தமிழைப் பற்றி ஏன் ஆங்கிலத்துல எழுதணும்? நமக்குள்ளேயே எழுதிப் படித்தால், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அது எட்டாதே!

ஆனா இதழ் மட்டும் போதவில்லை. ஆளுக்கொரு நாட்டில் ஆய்வு செய்தவர்கள் நேரில் பேச ஓர் அமைப்பு வேணும். 1964-ல் டெல்லி கீழைத்தேய அறிஞர் மாநாட்டுக்கு வந்தவர்களைத் திரட்டி, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966-ல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. அடுத்து சென்னை, பாரிஸ், யாழ்ப்பாணம்.

1980-ல் அடிகள் மறைந்தார். ஆய்விதழ்கள் இணையத்துக்கு மாறிய இன்றும் கேள்வி அதேதான்: நம்ம ஆய்வு யார் கைக்குப் போய்ச் சேருது?