கருமண் கற்பித்த ஆசான்

மண்ணியல் பாடத்தின் முதல் வாரத்திலேயே மண்ணை உருவாக்கும் ஐந்து காரணிகளை மனனம் செய்துவிடுகிறோம்: தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிரினங்கள், நில அமைப்பு, காலம். தேர்வு முடிந்ததும் மறந்தும் விடுகிறோம். இவற்றை ஒருசேர எடுத்துக்காட்டியவர் ரஷ்யாவைச் சேர்ந்த வசீலி தொகுச்சாயேவ்.

இவர் 1846-இல் ஸ்மோலென்ஸ்க் மாநிலத்து மில்யுகோவோ சிற்றூரில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். தந்தை வழியில் சமயக் கல்வி கற்றவர், அதைப் பாதியில் விட்டுச் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் படித்து 1871-இல் பட்டம் பெற்றார்.

1870-களில் ரஷ்யப் புல்வெளிகளில் மழை பொய்த்தது. நாட்டுக்கே சோறு போட்ட கருமண் நிலம் அது. செர்னோசெம் என்பது அதன் பெயர். அதை ஆராயும் பொறுப்பு தொகுச்சாயேவிடம் வந்தது. ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் பயணம் செய்து, ஊர் ஊராகக் குழி தோண்டிப் பார்த்தார். மண் என்பது வெறும் பாறைத்தூள் அன்று, தனக்கென அடுக்குகளும் வரலாறும் கொண்ட ஓர் இயற்கைப் பொருள் என்று கண்டார். 1883-இல் வெளிவந்த 'ரஷ்யக் கருமண்' நூல் அவருக்கு முனைவர் பட்டத்தைத் தந்தது.

என்னை அதிகம் கவர்ந்தது அவர் மாணவர்களை உருவாக்கிய விதம். 1882-இல் நீஷ்னி நோவ்கோரோத் உள்ளாட்சி மன்றம், வரி விதிப்பதற்காக நிலங்களைத் தரம் பிரித்துத் தரக் கேட்டது. அவர் பல்கலைக்கழக இளைஞர்களை அழைத்துச் சென்றார். வட்டாரங்களை அவர்களிடம் பிரித்துக் கொடுத்தார். குழி தோண்டுவது, அடுக்குகளை அளப்பது, மாதிரி எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. வட்டார அறிக்கைகளையும் அவர்களே தங்கள் பெயரில் எழுதினர். இப்படி 14 தொகுதிகள் வந்தன. 1888-இல் தொடங்கிய பொல்தாவா ஆய்வு 16 தொகுதிகளாயிற்று. சிபிர்த்சேவ், கிளிங்கா, பின்னாளில் உலகப் புகழ் பெற்ற வெர்னாத்ஸ்கி ஆகியோர் இந்தப் பட்டறையில் பயின்றவர்களே.

எங்கள் வகுப்புக் களப்பணியில், ஒரே குழியைச் சுற்றி முப்பது பேர் நின்றோம். முன்னால் நின்றவர் எழுதியதைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்கள் எழுதினோம். நானும் பின்னால்தான் நின்றேன்.

1891-இல் கொடும் பஞ்சம் வந்தது. மறு ஆண்டே தொகுச்சாயேவ் ஒரு சிறப்பு ஆய்வுப் பயணத்திற்குத் தலைமையேற்றார். கமென்னயா புல்வெளியில், காற்றைத் தடுக்க மரவரிசைகளும் நீரைத் தேக்கக் குளங்களும் அமைக்கும் பணி தொடங்கியது. அதே 1892-இல், இன்று போலந்தில் புவாவி எனப்படும் நோவோ அலெக்சாந்திரியாவின் வேளாண் கழகத்திற்கும் இயக்குநரானார். அங்கே 1894-இல் ரஷ்யாவின் முதல் மண்ணியல் துறை தோன்றியது. அதன் தலைமை தம் மாணவர் சிபிர்த்சேவிடம் சேர்ந்தது.

ஆனால் தலைநகர்ப் பல்கலைக்கழகத்தில் மண்ணியலுக்கு ஒரு துறை வேண்டும் என்ற அவர் ஆசை நிறைவேறவில்லை. 1895-இல் உடல்நலம் குன்றிப் பதவி விலகினார். துணைவி அன்னா 1897-இல் மறைந்தார். மண்ணியலுக்கு நல்லதொரு பாடநூல் எழுதிய சிபிர்த்சேவை 1900-இல் காசநோய் கொண்டுபோனது, வயது 40தான். ஆசானை முந்திக்கொண்டு மாணவன் போனது எவ்வளவு பெரிய இடி! 1903-இல் தொகுச்சாயேவும் கண்மூடினார்.

அவருடைய கருத்துகள் மேற்கு நாடுகளுக்குப் பரவியதில் மாணவர் கிளிங்காவின் பங்கு பெரிது. அவர் 1914-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலை, அமெரிக்கரான மார்பட் 1927-இல் ஆங்கிலமாக்கினார். அதே ஆண்டு வாஷிங்டனில் முதல் உலக மண்ணியல் மாநாடு கூடியது. ரஷ்யக் குழுவோடு கிளிங்காவும் அங்கே சென்றிருந்தார்.