மூன்றாம் பிரெடரிக் சக்கரவர்த்தி

1831-இல் பாட்ஸ்டாமில் பிறந்த பிரெடரிக், போரில் புகழீட்டியும் போரை வெறுத்த இளவரசர். 1887-இல் அவர் குரல் கம்மியது. தொண்டையிலே கட்டியொன்று காணப்பட்டது. ஜெர்மானிய வைத்தியர் புற்றென ஐயுற்று அறுக்க முற்பட்டனர். ஆங்கில வைத்தியர் மெக்கன்ஸி அதனைத் தடுத்து, சிறு துணுக்குகளைக் கிள்ளியெடுத்துப் பேரறிஞர் விர்ச்சோவிடம் அனுப்பினார். சாதுவான கட்டி தன் எல்லைக்குள் வளர்ந்து அண்டைத் தசையை நெருக்குமேயன்றி உட்புகாது. கொடிய கட்டியோ அதனை ஊடுருவி, இரத்தத்தின் வழியும் நிணநீரின் வழியும் பிற உறுப்புகளிற் சென்று குடியேறும். அக்கொடுமையின் அடையாளத்தை விர்ச்சோ காணவில்லை. அவரை யான் குறைகூறேன். கைக்கெட்டிய துணுக்கு அவ்வளவே காட்டிற்று. நவம்பரில் ஸான் ரெமோவில் புற்றென்பது தெளிவாயிற்று. 1888 பிப்ரவரியில் மூச்சுக்குழலில் துளையிட்டனர், பேச்சு ஒழிந்தது. மார்ச் 9-இல் அரசுரிமை எய்தியவர், எழுதிக்காட்டியே ஆண்டு, 99-ஆம் நாளாகிய ஜூன் 15-இல் உயிர்நீத்தார். 29 வயதினரான மகன் வில்ஹெல்ம் பட்டமெய்தினார்.