பாழான சோதனையைத் துரத்திய சீக்லர்

உப்புப் பகுப்பாய்வுச் செய்முறை வகுப்பில் ஒருநாள், வரவேண்டிய வீழ்படிவு வராமல் வேறேதோ வந்தது. அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, பக்கத்து மேசை நண்பனின் விடையை என் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு ஒரு வகுப்பில் சீக்லர்-நட்டா வினையூக்கி பற்றிக் கேட்டு, நூலகத்தில் சீக்லரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்தபோது சுருக்கென்றது.

கார்ல் சீக்லர் 1898 நவம்பர் 26 அன்று ஜெர்மனியில் காசெல் நகரை அடுத்த ஹெல்சாவில் பிறந்தார். தந்தை கிறித்தவ சமய போதகர். பள்ளிப் பருவத்தில் கிடைத்த ஓர் இயற்பியல் நூல் அவரை வீட்டிலேயே சோதனைகள் செய்ய வைத்தது. மார்பர்க் பல்கலைக்கழகத்தில் 1920-ல் முனைவர் பட்டம் பெற்றபோது வயது 21. (அந்த வயதில் நம்மில் சிலர் அரியர்ஸ் எழுதிக்கொண்டிருக்கிறோம்!) 1943-ல் மூல்ஹைம் நகர நிலக்கரி ஆராய்ச்சி நிலையம் அவரை இயக்குநராக அழைத்தது. நிலக்கரியோடு நின்றுவிடாமல் விரும்பியதை ஆராயும் உரிமையைக் கேட்டுப் பெற்ற பின்னரே பதவியை ஏற்றார்.

அங்கே அலுமினியச் சேர்மங்களைக் கொண்டு எத்திலீன் வாயுவை நீண்ட சங்கிலிகளாக வளர்க்க முயன்றார். ஒரு சோதனையில் சங்கிலி வளரவேயில்லை. இரண்டு எத்திலீன் மூலக்கூறுகள் மட்டும் சேர்ந்த பியூட்டீனே கிடைத்தது. தொட்டியில் ஊற்றியிருக்கலாம், அவர்கள் ஊற்றவில்லை. சீக்லரும் மாணவர்களும் பாத்திரத்தையே துருவித் துருவி ஆராய்ந்து, அதில் தங்கியிருந்த இம்மியளவு நிக்கலே காரணம் என்று கண்டார்கள். நிக்கல் இப்படிச் செய்தால் மற்ற உலோகங்கள் என்ன செய்யும்? ஒவ்வொன்றாய்ச் சோதித்தார்கள். 1953-ல் சிர்க்கோனியம் பாலித்தீனைத் தந்தது. டைட்டானியம் குளோரைடு இன்னும் விரைவாகத் தந்தது. அதுவரை ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நடந்த வேலை, இப்போது சாதாரணக் கண்ணாடி ஜாடியில் நடந்தது.

இத்தாலியின் ஜூலியோ நட்டா இதே வழியில் 1954 மார்ச்சில் புரோப்பிலீனையும் பலபடியாக்கினார். முந்திக்கொண்டாரே என்று சீக்லருக்கு மனத்தாங்கல். ஆனாலும் 1963-ல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு வந்தது.

தொடக்க கால வினையூக்கியின் திறன் குறைவு. அதன் கழிவைப் பிளாஸ்டிக்கிலிருந்து கழுவி நீக்க வேண்டியிருந்தது. 1968-ஐ ஒட்டி டைட்டானியத்தை மெக்னீசியம் குளோரைடு என்னும் தாங்கியின் மேல் ஏற்றினார்கள். திறன் பன்மடங்காகி, கழுவும் வேலையே ஒழிந்தது. என்னை வியப்பில் ஆழ்த்தியது அந்தத் தாங்கித் துகளின் நடத்தைதான். மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே உள்ள துகள் அது. அதன் நுண்துளைகளில் வாயு புகுந்ததும் டைட்டானியம் உள்ள இடமெல்லாம் பிளாஸ்டிக் வளர்கிறது. துளை நிரம்பியபின் போக இடமில்லை. சுவர் இடுக்கில் விழுந்த ஆலவிதை வேர்விட்டுச் சுவரைப் பிளப்பதுபோல, வளரும் பிளாஸ்டிக் தாங்கியைப் பிளக்கிறது. ஆனால் சில்லுகள் உதிர்வதில்லை. பிளாஸ்டிக்கே அவற்றைப் பற்றிக்கொண்டு, எல்லாமாகச் சேர்ந்து பருக்கிறது. துகள் உருண்டை என்றால் விளையும் மணியும் உருண்டைதான், தாயைப்போல் பிள்ளை. அவசரப்பட்டால் காரியம் கெடும். வெப்பம் வெளியேறாமல் மணிகள் உருகி ஒட்டிக்கொள்ளும், அல்லது துகள் வெடித்துப் பொடியாகும். எனவே முதலில் குளிர்ச்சியான நிலையில் மெதுவாகச் சிறிது வளரவிட்டு, அதன்பின் பெரிய கலனில் இடுகிறார்கள். விடுதிக் குழாயடியில் நாம் வரிசை வைக்கும் பிளாஸ்டிக் குடங்கள் பலவும் இத்தகைய மணிகளாய் இருந்தவையே.

காப்புரிமைகளால் சீக்லர் பெரும் செல்வரானார். 1968-ல், தம் எழுபதாம் பிறந்தநாளில், தம் நிலையத்தின் ஆராய்ச்சிக்காக சுமார் 4 கோடி மார்க்கில் ஒரு நிதியை நிறுவினார். வானியலில் அவருக்குத் தீராத ஆசை. சூரிய கிரகணம் பார்ப்பதற்கென்றே பயணம் செய்வார். 1972-ல் பேரனோடு கப்பலில் அவ்வாறு சென்றபோதுதான் நோயுற்றார். மறு ஆண்டு ஆகஸ்டில், 74-ஆம் வயதில், மூல்ஹைமில் காலமானார்.

அன்று நான் தொட்டியில் ஊற்றிய வீழ்படிவு என்னவென்று எனக்கு இன்றும் தெரியாது.