பட்ரிக் கெடிஸ்

சர் பட்ரிக் கெடிஸ் (அக்டோபர் 2, 1854 – ஏப்ரல் 17, 1932) ஸ்கொட்லாந்து நாட்டைச் சேர்ந்த உயிரியலாளரும், சமூகவியலாளரும், நகரத் திட்டமிடலாளரும் ஆவார். ஒரு நகரத்துக்குத் திட்டம் வரைவதற்கு முன்னர் அந்நகரத்தையும் அதில் வாழும் மக்களையும் நேரில் ஆராய்ந்து அறிய வேண்டும் என்னும் கொள்கையை நகரத் திட்டமிடல் துறையில் வேரூன்றச் செய்தவர்களுள் இவர் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். இந்தியாவிலும் இலங்கையிலும் பல ஆண்டுகள் பணியாற்றினார். தஞ்சாவூர், மதுரை, கொழும்பு ஆகியவை இவர் ஆராய்ந்த நகரங்களுள் அடங்கும்.

இளமையும் கல்வியும்

கெடிஸ் ஸ்கொட்லாந்தின் பலட்டர் என்னும் ஊரில் பிறந்து, பேர்த் நகரில் வளர்ந்தார். இவரது தந்தையார் படைவீரராகப் பணிபுரிந்தவர். 1874 ஆம் ஆண்டில் லண்டனுக்குச் சென்று, புகழ் பெற்ற உயிரியலாளரான தொமஸ் ஹென்றி ஹக்ஸ்லியிடம் கல்வி பயின்றார். பின்னர் பிரான்சில் படித்தபோது பிரெடரிக் லெ பிளே என்னும் சமூக ஆய்வாளரின் கருத்துக்களை அறிந்துகொண்டார். தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுகளைத் திரட்டி, அவற்றின் மூலம் சமுதாயத்தின் நிலையை அறிவது லெ பிளேயின் முறையாகும். இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் சேர்த்தே ஓர் ஊரை அறிய வேண்டும் என்ற கெடிசின் கருத்துக்கு இதுவே அடிப்படையாக அமைந்தது.

1879 இல் ஆய்வுக்காக மெக்சிக்கோ சென்றிருந்தபோது இவரது கண்பார்வை சிறிது காலம் பாதிக்கப்பட்டது. நுண்நோக்கியைக் கொண்டு செய்யும் ஆய்வுகளைத் தொடர்வது இதனால் கடினமாகியது. அவரது கவனம் படிப்படியாகச் சமூக ஆய்வின் பக்கம் திரும்பியது. ஆயினும் உயிரியலை அவர் கைவிடவில்லை. 1888 முதல் 1919 வரை டண்டி பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார்.

எடின்பரோவில் பணிகள்

1886 ஆம் ஆண்டில் அன்னா மோர்ட்டன் என்பவரை மணந்தார். அக்காலத்தில் எடின்பரோவின் பழைய நகரப் பகுதி நெரிசலும் அழுக்கும் நிறைந்த சேரியாக மாறியிருந்தது. வசதி படைத்தோர் அதைவிட்டு வெளியேறியிருந்தனர். கெடிஸ் தம்பதியர் அப்பகுதியிலேயே ஜேம்ஸ் கோர்ட் என்னும் இடத்தில் குடியேறினர். அயலவர்களுடன் சேர்ந்து சுவர்களுக்கு வெள்ளையடித்தல், முற்றங்களைத் துப்புரவு செய்தல், செடிகள் நடுதல் போன்ற பணிகளில் ஈடுபட்டனர். பழுதடைந்த கட்டிடங்கள் திருத்தப்பட்டு மாணவர் விடுதிகளாகவும் குடியிருப்புகளாகவும் ஆக்கப்பட்டன.

1892 இல் இவர் பொறுப்பேற்ற அவுட்லுக் கோபுரம், ஒரு நகரத்தைப் பற்றிய தகவல்களை அந்நகர மக்களுக்கே காட்சிப்படுத்திய நிலையமாகும். உச்சியில் இருந்த கருவி, சுற்றியுள்ள நகரின் உருவத்தை இருட்டறையில் இருந்த மேசையொன்றின் மீது விழச் செய்தது. கீழுள்ள தளங்களில் எடின்பரோ, ஸ்கொட்லாந்து, ஐரோப்பா, உலகம் என ஆய்வு விரிந்து சென்றது. இக்கோபுரத்துடன் தொடர்புடைய குழுவொன்று பழைய நகரில் கவனிப்பாரற்றுக் கிடந்த 70 க்கும் மேற்பட்ட வெற்று நிலங்களைக் கணக்கெடுத்தது. இவற்றின் மொத்தப் பரப்பளவு சுமார் 10 ஏக்கர் ஆகும். அவற்றுட் சில, குடியிருப்போரின் துணையுடன் தோட்டங்களாக மாற்றப்பட்டன.

தமிழகத்தில் கெடிஸ்

சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் கெடிஸ் 1914 ஆம் ஆண்டில் இந்தியா வந்தார். பல ஆண்டுகளாகத் திரட்டிய வரைபடங்களையும் படங்களையும் கொண்ட அவரது நகரக் கண்காட்சி தனியாக ஒரு கப்பலில் அனுப்பப்பட்டது. அக்கப்பலை, சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் மூழ்கடித்தது. எனினும் நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு, 1915 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தில் கண்காட்சி நடைபெற்றது.

அதே ஆண்டில் சென்னை மாகாணத்தின் பல நகரங்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். அக்காலத்தில் நெரிசலான பகுதிகளின் ஊடாக நேரான அகன்ற சாலைகளை வெட்டுவதே சுகாதாரத்துக்கு வழி என அதிகாரிகள் நம்பினர். இதனால் வீடிழந்த ஏழைகள் பக்கத்துத் தெருக்களில் நெருக்கியடித்துக் குடியேற, அங்கும் நெரிசல் மிகுந்தது. கெடிஸ் தெருத்தெருவாக நடந்து, எந்த வீடு உறுதியானது, எது இடிந்து கிடப்பது, கிணறு, மரம், கோயில் ஆகியவை எங்கே உள்ளன என்பவற்றைக் குறித்துக்கொண்டார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கு முன்மொழியப்பட்டிருந்த சாலைத் திட்டத்துடன் தமது மாற்றுத் திட்டத்தை ஒப்பிட்டுக் காட்டினார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, அவ்விடங்களை மர நிழலுள்ள சிறு வெளிகளாக்கினால் போதும் என்பதே அவரது முடிவு. இது செலவிலும் குறைந்தது. பெரும்பாலான குடும்பங்களும் இடம்பெயர வேண்டியதில்லை. மதுரைக்கும் இதையொத்த யோசனைகளைக் கூறினார். தேவையான உறுப்புகளைக் காத்து, கெட்டதை மட்டும் நீக்கும் மருத்துவரின் செயலுக்கு ஒப்பிட்டு, இம்முறைக்குக் காக்கும் அறுவைச் சிகிச்சை என்று பொருள்படும் பெயரை இட்டார்.

மலேரியாவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் கெடிஸ் எதிர்த்தார். குளங்கள் ஊரைக் குளிர்விப்பவை, வெள்ளத்தைத் தாங்குபவை என்றும், மீன்களையும் வாத்துகளையும் வளர்த்தால் கொசுப் பெருக்கம் கட்டுப்படும் என்றும் விளக்கினார்.

இந்தூரும் பிற நகரங்களும்

பிளேக் நோய் பரவியிருந்த இந்தூரில் பணியாற்றியபோது, வீடுகளை இடிக்க வந்தவர் என எண்ணி மக்கள் இவரைக் கண்டு அஞ்சினர். அரசரின் இசைவுடன் தீபாவளிக்குப் பெரிய ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்த கெடிஸ், மிகுதியான வீடுகள் துப்புரவு செய்யப்பட்ட தெருக்கள் வழியாகவே அது செல்லும் என அறிவித்தார். மக்கள் போட்டியிட்டு வீடுகளைச் செப்பனிட்டனர். வண்டி வண்டியாகக் குப்பை அகற்றப்பட்டது. புத்தாடை அணிந்த துப்புரவுத் தொழிலாளர் ஊர்வலத்தில் சிறப்பிக்கப்பட்டனர். வாழ்க்கை வரலாற்று நூல்களில் காணப்படும் இந்நிகழ்ச்சி, கெடிஸ் கூறியதை அடிப்படையாகக் கொண்டது. இந்தூர் பற்றிய விரிவான அறிக்கை 1918 இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது.

1917 ஆம் ஆண்டில் இவரது மூத்த மகன் பிரான்சில் போர்முனையில் இறந்தார். அதே ஆண்டில் மனைவி அன்னாவும் கல்கத்தாவில் நோயுற்றுக் காலமானார். இத்துயரங்களுக்கிடையிலும் கெடிஸ் பணிகளைத் தொடர்ந்தார். 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியராகப் பணியாற்றினார். கொழும்பு நகருக்கான அவரது முதற்கட்ட அறிக்கை 1921 இல் வெளியானது. 1925 இல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வரைந்தார். இறுதிக் காலத்தைப் பிரான்சின் மொண்ட்பெலியே நகரில் கழித்த இவர், சர் பட்டம் பெற்ற 1932 ஆம் ஆண்டிலேயே அங்கு காலமானார்.

மதிப்பீடு

கெடிசின் இந்தியத் திட்டங்களுட் பல நடைமுறைப்படுத்தப்படவில்லை. குடியேற்ற ஆட்சியாளரும் மன்னர்களும் அழைத்ததாலேயே அவர் பணியாற்றினார். அறிக்கைகளும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. ஆகவே, தெருவில் வாழ்ந்தோருக்குத் திட்டத்தை ஏற்கவோ மறுக்கவோ முறையான உரிமை எதுவும் இருக்கவில்லை. எனினும் முதலில் ஆய்வு, பின்னரே திட்டம் என்ற அவரது முறை லூயிஸ் மம்ஃபோர்ட், பட்ரிக் அபர்குரொம்பி முதலியோர் வழியாகப் பரவியது. 1915 இல் வெளியான இவரது சிட்டீஸ் இன் எவலூஷன் என்னும் நூல் நகரத் திட்டமிடல் துறையின் முக்கியமான நூல்களுள் ஒன்றாகும்.