காட்டுக்காக உயிரைக் கொடுத்த ரப்பர் தொழிலாளி சிக்கோ மென்டிஸ்

மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு மூலம் பிரேசிலின் அமேசான் காடு. 1876-இல் அங்கிருந்து லண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்ட விதைகள் தந்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அந்த மரத்தின் தாயகத்தில், அதை நம்பியே வாழ்ந்து, அது வளரும் காட்டைக் காக்கப் போராடி உயிர் நீத்தவர் சிக்கோ மென்டிஸ்.

இவர் 1944 டிசம்பர் 15-ஆம் தேதி, ஆக்ரே மாநிலத்தின் ஷாபுரி நகருக்கு அருகே ரப்பர் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். அங்கே ரப்பர் மரங்கள் தோட்டத்தில் உள்ளதுபோல் நிரை பிடித்து நிற்பதில்லை. காட்டில் மற்ற மரங்களுக்கு நடுவே சிதறி நிற்கும். காடு அழிந்தால் பிழைப்பும் அழியும்.

சிறுவயதிலேயே தந்தையுடன் பால் எடுக்கப் போன அவருக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. தொழிலாளர் பிள்ளைகள் கணக்குப் படித்தால் கடன் கணக்கும் புரிந்துவிடும் என்று முதலாளிகள் பள்ளியை விரும்பவில்லை. அரசியல் காரணங்களால் காட்டில் தலைமறைவாக இருந்த ஒருவரிடம் பழைய நாளிதழ்களை வைத்து எழுத்தறிந்தார்.

1970-களில் மாட்டுப் பண்ணை முதலாளிகள் நிலத்தை வாங்கிக் காட்டை அழித்தனர். தொழிலாளர்கள் குடும்பத்தோடு திரண்டு, ரம்பத்துடன் வந்தவர்களை ஆயுதமின்றி மறித்தனர். 1980-இல் தொழிற்சங்கத் தலைவர் வில்சன் பின்யெய்ரோ சுட்டுக் கொல்லப்பட்டார். மென்டிஸ் பின்வாங்கவில்லை.

1985-இல் தலைநகர் பிரசிலியாவில் ரப்பர் தொழிலாளர்களின் முதல் தேசிய மாநாட்டை நடத்துவதில் முன்னின்றார். அங்கே ஒரு புதிய கோரிக்கை உருவானது. மக்களை வெளியேற்றிவிட்டுக் காட்டைப் பூங்காவாக்க வேண்டாம். நிலம் அரசிடம் இருக்கட்டும். ரப்பர் பாலும் பிரேசில் கொட்டையும் சேகரித்து மக்கள் அங்கேயே வாழட்டும் என்பதே அது. பூர்வகுடி மக்களும் அவர்களுடன் கைகோர்த்தனர். 1987-இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு மென்டிஸுக்கு விருது வழங்கியது.

1988-இல் கஷோய்ரா என்ற காட்டுப் பகுதியை அழிக்க முயன்ற பண்ணையாளர் டார்லி அல்வெஸைத் தொழிலாளர்கள் தடுத்தனர். அரசு அந்நிலத்தைக் கையகப்படுத்தியது. மென்டிஸுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. போலீஸ் பாதுகாப்பு இருந்தும், அதே ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி தம் வீட்டுப் பின்வாசலில் சுடப்பட்டு இறந்தார். வயது 44. டார்லிக்கும் சுட்ட மகன் டார்சிக்கும் 1990-இல் தலா 19 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அதே 1990-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஆக்ரேயில் சுமார் 970,000 ஹெக்டர் காடு அவர் பெயரிலேயே பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. மாட்டுப் பண்ணைகளின் நெருக்கடி அங்கே இன்றும் ஓயவில்லை. ஆனால், காட்டில் வாழும் மக்களே அதன் காவலர்களாகவும் இருக்கலாம் என்ற அவரது கோரிக்கை இன்று பிரேசிலில் சட்டமாக நிற்கிறது.